புறமுதுகு

கழிவறைக்கு ஆள் வேண்டும் என்று எழுதியபோது
ஒருவரும் பெயர் தரவில்லை.
தீப்பந்தம் சுழற்ற முப்பத்தொரு பேர்.
பட்டியலை மண்டபச் சுவரில் ஒட்டிவிட்டு
காலியான கட்டத்தில் என் பெயரைப் போட்டேன்,
மறுநாள் அதன் கீழே
பச்சை மையில் 'தவசீலன்'.
கேட்கவே இல்லை நான்.

தோட்ட மேனேஜர் திடலைக் கொடுத்தார்,
கூடவே ஆறு நிபந்தனை:
செம்பனை வரிசையிலிருந்து இருநூறு அடி,
தண்ணி கூடாது,
பன்னிரண்டுக்கு மேல் மேளம் கூடாது,
கோல் கம்பத்தில் எதையும் கட்டக்கூடாது,
போம்பா முத்திரை,
முன்பணம் ஐந்நூறு வெள்ளி.
கடிதத்தில் இல்லாத ஏழாவதை வாசலில் வைத்துச் சொன்னார்:
"என் மகளுக்கும் ஏதாவது வேலை கொடுங்க,
வீட்ல சும்மா கிடக்குது."

பீடோர் டவுன் ஆ லோங் கடையின்
உடைந்த பலகைத் தட்டுகளை
லோரியில் இரண்டு நடை ஏற்றி வந்து
மூன்று வாரம் ஆணியடித்து
இருவாச்சிப் பறவை ஒன்று கட்டினோம்.
போம்பா அதிகாரி சாருடின்
அதை இரண்டு முறை சுற்றி வந்தார்.
"ஆயாமா?" என்றார்.
கோழி என்று ஒத்துக்கொண்டால்
முத்திரை சீக்கிரம் விழும்போல் இருந்தது.
ஒத்துக்கொண்டோம்.

சனிக்கிழமை மூன்று மணிக்கு மழை.
கோலாலம்பூர்ப் பிள்ளைகள்
கூடாரம் போட்டிருந்தது சரியாகக் கால்வாய் மேல்.
நாற்பது கூடாரத்தையும்
நான்கு மூலைக்கு நான்கு பேர் பிடித்து
பிணத்தைத் தூக்குவதுபோல் இல்லை,
கல்யாணப் பந்தியில் குண்டானைத் தூக்குவதுபோல்
கத்திக்கொண்டே மேட்டுக்கு நகர்த்தினோம்.
ஒன்றின் உள்ளே ஒருவன் தூங்கிக்கொண்டிருந்தான்.
மேட்டில்தான் கண் விழித்தான்.

கழிவறையைத் தவசீலன் பார்த்துக்கொள்ள
இரவு ஒன்பதரைக்கு
என்னை வளையத்தில் உட்கார வைத்தார்கள்.
கயிற்றுக்கு உள்ளே இருபது பேர்,
ஆளுக்கு ஒரு ஈரச் சாக்கு, ஒரு வாளி.
விதி ஒன்றுதான், மூன்று தடவை ஒத்திகை பார்த்தது:
தீயைப் பார்க்காதே, ஆளைப் பார்.

முதுகுக்குப் பின்னால் பற்ற வைத்தார்கள்.

முதலில் கழுத்து அறிந்தது.
அப்புறம் முந்நூறு முகங்கள்
ஒவ்வொன்றாய் மஞ்சளாகின.
மேனேஜரின் மூக்குக்கண்ணாடியில்
விரற்கடை அளவு இரண்டு பறவைகள் எரிந்தன.
லயத்து ரஃபீக்
போனைத் தலைக்கு மேல் பிடித்திருந்தான்,
அதற்குள் யாரோ ஒரு பெண்
அவன் மொழியில் சிரிப்பது கேட்டது.
ஒரு சிறுமி கயிற்றுக்கு அடியில் நுழைந்தாள்,
ஒற்றைக் கால் செருப்போடு.
"உள்ள போயிட்டேன்னா சுட்டுடும்மா" என்றேன்.
"நீங்க மட்டும் உள்ள இருக்கீங்க?"
பதில் தேடிக்கொண்டிருக்கும்போதே
கூட்டம் முழுவதும் ஒரே மூச்சாய்
'ஓ' என்றது.
தலை விழுந்திருக்க வேண்டும்.

முதுகில் புண் பட்டால் இழுக்கென்று
பழைய போர்க்களங்களில் கணக்கு வைத்திருந்தார்கள்.
என் சட்டையின் பின்புறம்
பத்து காசு அளவில் ஒரு பொத்தல்.
இரண்டு நாள் எரிந்தது.
காட்ட யாருமில்லை,
காட்டவும் கூச்சம்.

ஞாயிறு மாலை திடலில் பந்து விளையாட்டு உண்டு.
அதற்குள் முளைகளைப் பொறுக்க வேண்டும்.
குனிந்து, வரிசை வரிசையாய்,
புல்லைத் தடவித் தடவி.
எண்ணிப் பார்த்தால் ஒன்று குறைந்தது.
மேனேஜரின் மகள்
முந்நூற்றுப் பன்னிரண்டு மணிக்கட்டில் பட்டை கட்டியவள்,
செருப்பைக் கழற்றிவிட்டு
பெனால்டி கட்டம் முழுக்க
கால் தேய்த்து நடந்தாள், கண்டுபிடிக்கும் வரை.

முன்பணத்தில் நாற்பது பிடித்தார்கள்,
புல் கருகிய வட்டத்துக்கு.

வாளிகளைக் கவிழ்த்து அடுக்கும்போது
தவசீலன் கேட்டான்:
"கோழித் தலை எந்தப் பக்கம் விழுந்துச்சு?
எனக்குச் சத்தம் மட்டும்தான் கேட்டுது."
கிழக்கே என்றேன்,
குத்துமதிப்பாக.